நீங்களே எடுத்த முடிவுக்கு நீங்கள் அழலாம்

கேள்வி:

எனக்கு 34 வயது. ஆறு வருடங்களுக்கு முன் ஏழாவது வாரத்தில் கருவைக் கலைத்தேன். முதல் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். கணவருக்கு வேலை போயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த மனச்சோர்வும் முழுக்கத் தீரவில்லை. இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஆனாலும் வருடாவருடம் அந்த மாதம் வந்தால் எனக்குள் ஏதோ அறுந்துபோகிறது. போன வருடத்திலிருந்து ஒரு நோட்டில் கவிதை மாதிரி எழுதிவருகிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்கிறார்கள், எனக்கோ எழுதிய பிறகு இரண்டு நாள் தூக்கம் போகிறது. இணையத்தில் இதைப் பற்றி வரும் கவிதைகளைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் கருவில் இருந்த குழந்தையே அம்மாவிடம் கேள்வி கேட்பதுபோல இருக்கின்றன. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். நானே முடிவெடுத்துவிட்டு நானே அழுவது பாசாங்கா? தொடர்ந்து எழுதலாமா, நிறுத்திவிடட்டுமா? இப்படி ஒரு நோட்டு இருப்பதே கணவருக்குத் தெரியாது, அவரிடம் காட்டலாமா? எங்காவது வெளியிட்டால் தப்பா? ஐந்து கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

பாசாங்கா என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் மற்ற எல்லாமே அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பாசாங்கு இல்லை. சேர்ந்து வாழ முடியாது என்று நன்றாகத் தெரிந்து ஒரு உறவிலிருந்து விலகி வந்தவர்கள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அழுகிறார்கள். அவர்களைப் பார்த்து நீதானே விலகினாய், அப்புறம் என்ன அழுகை என்று யாரும் கேட்பதில்லை. உங்களைக் கேட்பார்கள். அல்லது, யாரும் கேட்பதற்கு முன்பே, கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்கிறீர்கள்.

அமெரிக்காவில் டயானா கிரீன் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் தலைமையில், கருக்கலைப்பு வேண்டி வந்த சுமார் 1,000 பெண்களை ஐந்து வருடங்கள் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். கலைத்துக்கொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஐந்து வருடம் கழித்தும் தங்களுக்கு அது சரியான முடிவுதான் என்றார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்வு நிம்மதி. ஆனால் அதே பெண்களில் பலர் வருத்தத்தையும் குற்றவுணர்வையும் சேர்த்தேதான் சொன்னார்கள், அதிலும் முடிவெடுக்க ரொம்பத் திண்டாடியவர்களும், தெரிந்தால் சுற்றியிருப்பவர்கள் கேவலமாக நினைப்பார்கள் என்று பயந்தவர்களும் கூடுதலாகச் சொன்னார்கள். இந்த எண்ணைச் சொல்லி உங்களை நான் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. அந்த 95 பேரில் ஒருவராக இருந்தாலும் சரி, மீதி ஐந்து பேரில் ஒருவராக இருந்தாலும் சரி, அழுவதற்கு உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சரி என்று நினைப்பதும் வலிப்பதும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதைத்தான் சொல்லவந்தேன். உங்கள் கடிதத்திலும் இரண்டும் அடுத்தடுத்த வாக்கியங்களில்தான் இருக்கின்றன.

அப்புறம், அந்த மாதம் வந்தால் அறுந்துபோகிறது என்கிறீர்கள். அதுவும் விநோதம் இல்லை. கருவைக் கலைத்தவர்கள் சிலருக்கு இரண்டு தேதிகள் கனக்கும், ஒன்று கலைத்த தேதி, இன்னொன்று பிறந்திருக்க வேண்டிய தேதி. மற்ற சாவுகளுக்கு வீட்டில் நான்கு பேர் கூடுவார்கள், யாராவது போன் செய்வார்கள், இன்றைக்கு அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு ஆளாவது நினைத்துப் பார்ப்பார். இதற்கு யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989இல் இப்படிப்பட்ட துக்கங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே தொகுத்தார். வெளியில் சொல்ல முடியாத, சொன்னாலும் துக்கம் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத இழப்புகள். அவை தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட முடியாது, எங்காவது ஒரு இடம் தேடும். உங்களுக்கு அது நோட்டில் கிடைத்திருக்கிறது. அதனால் எழுதலாமா, நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், எழுதுங்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்து கவிதைகளையும் நிதானமாகப் படித்தேன். நான்கில் குழந்தை பேசுகிறது. ஒன்றில் இப்படி வருகிறது:

அம்மா, உன் குரலைக் கேட்டுக்கொண்டே
உறங்கியவள் நான்
எந்த இரவில் நீ என்னை
வேண்டாம் என்றாய்

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் இது யாருடைய குரல் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஏழாவது வாரத்தில் கரு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், காது கேட்கும் திறன் வர இன்னும் பத்து வாரங்களுக்கு மேல் ஆகும். குழந்தை என்று நீங்கள் நினைத்ததே தப்பு என்று சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அதை மகள் என்று நீங்கள் மனதில் வைத்திருந்தால் அது உங்கள் மகள்தான், அதில் டாக்டர் உட்பட யாரும் கைவைக்க முடியாது. நான் சொல்வது வேறு. இந்தக் கேள்வியை அந்தக் குழந்தை உங்களிடம் கேட்கவில்லை. கேட்பது வேறு யாரோ. நீங்கள் தேடிப் படித்த கவிதைகளிலிருந்து வந்த குரல் அது, எங்கேயோ எப்போதோ காதில் விழுந்த பேச்சிலிருந்து வந்த குரல். அதை உங்கள் மகளின் வாயில் வைத்துவிட்டீர்கள். வைத்துவிட்டு ராத்திரி அதற்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்துக் கிடக்கிறீர்கள். கேட்கிறவளும் நீங்கள், கூண்டில் நிற்கிறவளும் நீங்கள், தீர்ப்பு எழுதுகிறவளும் நீங்கள் என்றால் எப்படித் தூக்கம் வரும்?

இணையத்தில் வரும் இந்த வகைக் கவிதைகளில் பல, துக்கத்தைச் சொல்ல எழுதப்பட்டவை அல்ல. படிக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்குவதற்கென்றே எழுதப்பட்டவை. அவற்றில் அம்மாவுக்கு ஒரு முகம்கூட இருக்காது, அவளுக்கு என்ன வயது, கையில் எத்தனை குழந்தை, வீட்டில் என்ன நிலைமை எதுவும் இருக்காது, அவள் பேசவே மாட்டாள். கேட்டுக்கொண்டு நிற்பதற்கு மட்டும் அவள் வேண்டும். இன்னொரு பக்கம், இதில் வருந்த என்ன இருக்கிறது, பல்லைப் பிடுங்கிய மாதிரி நினைத்துக்கொண்டு போய்க்கொண்டே இரு என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்களுக்கு அப்படி இல்லை, அதனால் அந்தப் பேச்சும் உங்களுக்கு உதவாது. இரண்டு தரப்புமே உங்கள் வாயை அடைக்கின்றன. கொஞ்ச காலத்துக்கு இரண்டையும் தேடிப் படிக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஐந்தாவது கவிதை. நீங்களே இதைச் சுமாரானது என்று அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

வராந்தாவில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை
என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டது
அதன் அம்மா ஸாரி என்றாள்
பரவாயில்லை என்றேன்
உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்
விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்

தோழி, ஐந்தில் இதுதான் கவிதை. இதில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தப் பை இருக்கிறது, கூப்பிட்ட பெயர் இருக்கிறது, பரவாயில்லை என்று சொன்ன வாய் இருக்கிறது. அழுதேன் என்று எங்கும் இல்லை, ஆனால் விரல் விரலாக என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. இதற்குப் பிறகு ‘பாவி என் கைகள், பாவி என் கைகள்’ என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வரிகளும் மற்ற நான்கு கவிதைகளிலிருந்து தப்பித்து இங்கே வந்தவை. பிரித்து எடுத்த விரல்களைக் காட்டிவிட்டீர்கள், அந்தக் கைகளுக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை.

இந்த வலியைப் பெரிய கவிஞர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது உங்களுக்கு உதவும் என்பதால் மூன்று பேரைச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் 1945இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே ‘தாய்’ என்ற கவிதை இருக்கிறது. பல முறை கருவைக் கலைத்த ஒரு பெண் பேசும் கவிதை. அந்தக் காலத்தில் இதை ஒரு கவிதைத் தொகுப்பில் வைப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் பத்தியில் அந்தப் பெண் ‘நீ’ என்றுதான் பேசுகிறாள், உன்னால் மறக்க முடியாது, நீ பெற்றும் பெறாத குழந்தைகள் உனக்கு நினைவிருக்கும் என்று, ஏதோ பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுபோல. அடுத்த பத்தியில் திடீரென்று ‘நான்’ வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகளைப் பார்த்தே நேராகப் பேச ஆரம்பித்துவிடுகிறாள். தூரத்தில் நின்று பேசியவள் படிப்படியாகக் கிட்டே வருகிறாள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, காற்றில் குழந்தைகளின் குரல் கேட்டதாக அவள் சொல்கிறாள், ஆனால் கவிதை முழுக்க அந்தக் குழந்தைகள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள்தான் பேசுகிறாள். வேண்டுமென்று செய்தபோதும் வேண்டுமென்று செய்யவில்லை, நம்புங்கள் என்று மன்றாடுகிறாள். அடுத்த கணமே, செய்தது நான்தான், நான் ஏன் புலம்ப வேண்டும் என்று தன்னையே மடக்குகிறாள். நடுவில் ஒரு இடத்தில், நீங்கள் உருவாகவே இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அதுவும் சரியாக வரவில்லையே, உண்மையை எப்படித்தான் சொல்வது என்று கவிதைக்குள்ளேயே நின்று கேட்கிறாள். உங்களுக்கும் சரியான வார்த்தை கிடைக்காத இடங்கள் வரும். அங்கே அழகான வரி ஒன்றைத் தேடி ஒட்டாதீர்கள், சொல்லத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

ஆன் செக்ஸ்டன் எழுதிய கவிதை 1962இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் அப்போது கருக்கலைப்பு சட்டவிரோதம். அதில் பெரும்பகுதி ஒரு கார் பயணம்தான், மொட்டு விடும் பருவம், மலை, புல், சாலை, கிளம்பும் முன் செருப்பை மாற்றிக்கொண்டது. நடுநடுவே ஒரே ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, பிறந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லாமல் போய்விட்டார் என்று. செருப்பை மாற்றியது எதற்கு ஒரு கவிதையில் வரவேண்டும்? அன்றைக்கு அவ்வளவு பெரிய காரியம் நடக்கும்போதும் கை அதுபாட்டுக்குச் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தது என்பதற்காக. அன்றைய நாளைப் பற்றி உங்களுக்கும் இப்படி ஏதாவது ஞாபகம் இருக்கும், அதைத்தான் நீங்கள் தேடி எழுத வேண்டும். ஆனால் அந்தக் கவிதை முடியும்போது அவர் தன்னையே கோழை என்று திட்டிக்கொள்கிறார். கவிதையாக வலுவான முடிவு என்பதில் சந்தேகமில்லை. தூக்கம் கெட்டிருக்கும் இந்தச் சமயத்தில் நீங்கள் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் நெருக்கமானது, லூசில் கிளிஃப்டன் 1972இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கும் கவிதை. கலைத்த கருவிடம் பேசுவதாகத்தான் பெரும்பாலும் இதை வாசிக்கிறார்கள். நீ பிறந்திருந்தால் குளிர்காலத்தில் பிறந்திருப்பாய், கேஸ் இணைப்பைத் துண்டித்திருந்த வருடம் அது, கார் கிடையாது என்று சொல்கிறார். காரணம் சொல்லித் தப்பிக்கும் தொனியே இல்லை. அந்த வருடம் எப்படி இருந்தது என்று குழந்தைக்குச் சொல்லும் தொனிதான் இருக்கிறது. பிறகு, உன் சகோதர சகோதரிகளுக்கு நான் மலைபோல நிற்காவிட்டால் எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று சத்தியம் செய்கிறார். உங்கள் கடிதத்தில் ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது, போன வேலை இருக்கிறது, தீராத மனச்சோர்வு இருக்கிறது. ஐந்து கவிதைகளில் ஒன்றில்கூட இவை இல்லை! ஏன்? இவற்றையெல்லாம் சொன்னால் சாக்கு சொல்வதுபோல ஆகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். கிளிஃப்டனின் கவிதையில் அது சாக்காகத் தெரியவில்லை. ஒரு ராத்திரி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசோதனைக் கோடுகளைப் பார்த்தீர்கள் என்றால், அந்தத் தோளையும் அந்தக் கோடுகளையும் எழுதுங்கள்.

நம் மொழியிலேயே இதற்கு மிகப் பெரிய பாடம் இருக்கிறது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவின்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும், பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், 112ஆம் பாட்டு. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றையும் கொண்டுபோய்விட்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுகை என்ற சொல் இல்லை, துயரம் என்ற சொல் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. அதே நிலவு, அன்று இருந்தது, இன்று இல்லை, ஐந்தே அடிகள். இவ்வளவு காலம் கழித்தும் அந்தப் பெண்களுக்காக நாம் கலங்குகிறோம். வருடாவருடம் உங்களுக்கு வரும் அந்த மாதத்தை இப்படி எழுதிப் பாருங்கள். அன்று என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், இடையில் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது தூக்கம். எழுதினால் மனம் லேசாகும் என்பது பாதி உண்மை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், தினமும் 15 நிமிடம், மனதை உலுக்கிய ஒரு விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்தவுடன் அவர்களின் மனநிலை மோசமாகத்தான் ஆனது. பலன் தெரிந்தது பல மாதங்கள் கழித்து, உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்துவிட்டன, சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. ஆக எழுதிய அன்றைக்குக் கனமாக இருப்பது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு வருடமாக எழுதுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தூக்கம் போகிறது, கனம் குறையவே இல்லை என்றால், ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதே பென்னிபேக்கர் 2003இல் இன்னொன்றைக் கவனித்தார். எழுதி உடல்நலம் தேறியவர்களின் எழுத்தில் நான், அவள், நாங்கள் போன்ற சொற்களின் அளவு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. தேறாதவர்களின் எழுத்தில் அவ்வளவு மாற்றம் இல்லை. புரூக்ஸ் செய்ததும் அதுதானே, ‘நீ’யில் தொடங்கி ‘நான்’ வரை வந்தாரே.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். அதே நாளை ‘அவள்’ என்று எழுதுங்கள். அவள் பையை எடுத்தாள், அவள் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று, ஒரு தோழியைப் பற்றி எழுதுவதுபோல. தோழியைப் பாவி என்று எழுத உங்களுக்குக் கை வராது பாருங்கள். இன்னொரு நாள் கருவைப் பார்த்து ‘நீ’ என்று நீங்கள் பேசுங்கள், அது பேச வேண்டாம். ‘நீ’ என்று சொல்லும்போது ஆணா பெண்ணா என்று முடிவுசெய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்னொரு நாள் ‘நாங்கள்’ என்று, கணவரையும் சேர்த்து. ராத்திரியில் எழுதாதீர்கள், பகலில் எழுதுங்கள், கால் மணி நேரம் அல்லது இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம். எழுதி முடித்தவுடன் கையால் செய்யும் வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், துணி மடிப்பது, குழந்தையின் பென்சில் சீவுவது, எதுவானாலும் சரி, நோட்டை மூடிவிட்டு நேராகப் படுக்கைக்கு மட்டும் போகாதீர்கள். அன்றைக்கே எழுதியதைத் திரும்பப் படிக்கவும் வேண்டாம், நாலைந்து நாள் போகட்டும்.

இன்னொன்றை ஆலோசகராகச் சொல்லியே ஆக வேண்டும். கருக்கலைப்புக்குப் பிறகு யாருக்கு மனநலம் கெடும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று ஆய்வுகளையெல்லாம் அலசி 2008இல் அறிக்கை தந்தது. அதில் முக்கியமாகச் சொன்னது, அதற்கு முன்பே மனநலப் பிரச்சினை இருந்ததா என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி. உங்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்திருக்கிறது, அது முழுக்கத் தீரவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதனால் இப்போதைய தூக்கமின்மையைக் கவிதையின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, பசி இல்லை, குழந்தையைக் கவனிக்கவே மலைப்பாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், பார்க்கும்போது பழைய மனச்சோர்வையும் இந்தக் கருக்கலைப்பையும் இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை மறைத்தால் அவரால் பாதி வைத்தியம்தான் பார்க்க முடியும். இருந்து என்ன பயன் என்று ஒரு நிமிடம் தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விட வேண்டும். நோட்டை அப்போது தொட வேண்டாம், அது எங்கேயும் போகாது.

கணவர் விஷயம். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றிப் பயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அந்த முடிவில் அவரும் இருந்தார். ஆறு வருடமாக அவர் இதைப் பற்றிப் பேசவில்லை என்றால் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. உங்களை நோகடிக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம், வேலை போன தன்னால்தான் இது நடந்தது என்றுகூட உள்ளுக்குள் வைத்திருக்கலாம். இப்படி ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் காட்டலாம். ஆனால் நோட்டை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை கேள்வி கேட்கும் கவிதைகளை முதலில் படித்தால் அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றும், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். வராந்தாக் கவிதையைக் கொடுங்கள். கொடுக்கும் முன், எனக்குப் பதில் எதுவும் வேண்டாம், நீங்கள் படித்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் பதறாதீர்கள், அவருக்கும் ஓரிரு நாள் கொடுங்கள்.

வெளியிடுவது தப்பே இல்லை. உங்களைப் போலவே தேடி அந்தக் கேள்விக் கவிதைகளிலேயே போய் முட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்ணுக்கு நீங்கள் எழுதியது கிடைத்தால் எவ்வளவு நல்லது. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே போனது திரும்ப வராது. உங்கள் மூத்த குழந்தைக்கு இப்போது ஏழு வயதை ஒட்டி இருக்கும், நாளைக்கு அதுவும் படிக்கும், அம்மா சொல்லிக் கேட்பதற்கு முன்னால் ஒரு கவிதையில் அது தெரிந்துகொள்ள வேண்டாம். புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று விதியே இருக்கிறது, மனதுக்குள் நடப்பதைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. சங்க அகப்பாட்டில் தலைவி என்றால் தலைவிதான், ஊரில் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மறைப்புக்குள் நின்றுதான் அவர்கள் அவ்வளவையும் பாடினார்கள். குழந்தையின் வயது, மாதம், வேலை போன விவரம் இதெல்லாம் அடையாளம் காட்டும் என்று பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், அதனால் கவிதை பொய்யாகிவிடாது.

யார் வேண்டுமானாலும் வந்து கீழே கருத்து எழுதும் இடங்களில் மட்டும் இப்போதைக்குப் போடாதீர்கள். அங்கே ஒருவராவது வந்து அந்த நான்கு கவிதைகளில் வரும் கேள்வியையே உங்களிடம் கேட்பார், அதைப் படித்துவிட்டுத் தூங்கும் நிலையில் இப்போது நீங்கள் இல்லை. ஆசிரியர் ஒருவர் படித்துத் தேர்ந்தெடுக்கும் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அதற்கும் அவசரம் இல்லை. கணவர் படித்த பிறகு, அந்த மாதம் வந்து போன பிறகு, தூக்கம் சீரான பிறகு அனுப்பலாம். குழந்தை பேசும் நான்கையும் கிழித்துப் போட வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி மட்டும் போட்டுவையுங்கள்.